நிமிர்ந்த முள்ளும் கழன்ற முள்ளும்

என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு தூண்டில் முட்கள். ஒன்று வளைவு விரிந்து, ஏறக்குறைய ஓர் ஆணியைப்போல் நிமிர்ந்து கிடக்கிறது. இன்னொன்று கடையில் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இரண்டுமே ஒரே மார்கழிக் காலையில், ஓர் அணையின் பின்நீர்க் கரையில், ஒன்றரை மணி நேர இடைவெளியில் கெண்டையைப் பறிகொடுத்தவை.

முதல் மீன் எடுத்த எடுப்பிலேயே நீருக்குள் மூழ்கிக் கிடந்த வேலமரக் கட்டைகளை நோக்கி ஓடியது. ரீலிலிருந்து தூண்டில் நரம்பு ஓடுவதை அடக்கும் டிராக்கை இறுக்கினேன். போதவில்லை. ரீலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். கம்பு மீன் போகும் திசைக்கே நீண்டுவிட்டது. சட்டென்று பாரம் இல்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் நிமிர்ந்த முள். பரிசலில் வலை அலசிக்கொண்டிருந்த பெரியவர் அங்கிருந்தே கேட்டார்: "என்னப்பா, நிமித்திப்போட்டானா?"

"ஆமாங்கய்யா."

ஆத்திரத்தில் பெட்டியில் இருந்ததிலேயே தடித்த முள்ளை எடுத்துக் கட்டினேன். இரண்டாவது மீன் வந்தது. அது கட்டைப் பக்கம் போகவே இல்லை. திறந்த நீரில் நாலு சுற்று சுற்றி, அத்தாங்கு எட்டும் தூரம்வரை வந்து, தலையை ஒரே ஒரு முறை உதறியது. முள் தெறித்து வந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், வளைவு குலையவில்லை, முடிச்சு நழுவவில்லை, நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

முதல் இழப்புக்கு நான் செய்த பரிகாரம்தான் இரண்டாவது இழப்பைக் கொண்டுவந்தது என்று புரிய எனக்கு நாளாயிற்று. மீன் போனால் கரையில் நமக்கு ஒரே சொல்தான்: "போச்சு". ஆனால் முள் தோற்பது வேறு, பிடி தோற்பது வேறு. முன்னதில் எஃகு விட்டுக்கொடுக்கிறது. பின்னதில் மீனின் வாய்ச் சதை விட்டுக்கொடுக்கிறது, அல்லது முள் அந்தச் சதைக்குள் சரியாக இறங்கியிருக்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வைத்தியம் பார்த்தால் ஒன்று தணியும்போது மற்றது ஏறும்.

முதலில் நிமிர்ந்த முள்ளை எடுத்துக்கொள்வோம். கெண்டைக்கான நல்ல முள் கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியில் செய்யப்படுவது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போனது. நார்வேயின் முஸ்டாட் நிறுவனம் 1877 முதல் முள் செய்துவருகிறது. எந்திரங்கள் மாறினாலும் வேலை அதேதான்: கம்பியை வெட்டி, நுனி தீட்டி, நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் கீறி எழுப்பி, வளைத்து, பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவது. அரிவாள் அடிக்கும் கொல்லர் கையில் வைத்திருக்கும் கணக்குதான் இதுவும். இறுக்கம் கூடினால் முள் ஒடியும். பதம் தளர்ந்தால் நிமிரும்.

ஒடிந்த முள்ளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒடிவது அரிது, ஒடிந்தால் எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். எதிர்முள்ளின் அடியில் ஒடிந்திருந்தால் அங்கே கீறல் ஆழமாக விழுந்திருக்கும், அல்லது எதிர்முள் வேண்டாம் என்று குறடால் நசுக்கியபோது பதமேறிய எஃகில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். வளைவிலேயே ஒடிந்து, முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தால் எஃகு உறுதியிழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது என்று பொருள். அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பூசியபின் சூட்டில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் முள் இப்படித்தான் போகும். அதற்குக் கரையில் மருந்து கிடையாது. அந்தப் பாக்கெட்டையே ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

நிமிர்ந்த முள்ளின் கதை இவ்வளவு எளிதன்று. கம்பியின் தடிமன் சிறிது கூடினால் வலிமை மிகவும் கூடுகிறது. வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 1 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.1 மி.மீ. கம்பி என்றால் தாங்குதிறன் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதனால்தான் நிமிர்ந்த முள்ளைக் கண்டதும் கை தடித்த முள்ளைத் தேடுகிறது. ஆனால் அதே 0.1 மி.மீ. கூடுதலில் மீனின் வாயைத் துளைத்து உள்ளே போக வேண்டிய கம்பியின் குறுக்குப் பரப்பும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. வலிமையைக் காசு கொடுத்து வாங்கினோம். துளைக்கும் வேலையை மீனிடமும் நரம்பில் கட்டிய ஈயக்குண்டிடமும் விட்டுவிட்டோம்.

இதைவிட முக்கியமானது நெம்புகோல் கணக்கு. முள் வளைவின் அடிவரை இறங்கியிருந்தால் இழுவிசை முள்ளின் தண்டை ஒட்டியே போகும். அப்போது மெல்லிய கம்பிகூட நிறையத் தாங்கும். முள் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தால் அதே இழுவிசை வளைவை வெளிப்பக்கமாக நெம்பித் திறக்கும். வாய் அகலமான முள்ளில் இந்த நெம்பல் இன்னும் மோசம். என் தீப்பெட்டியிலிருக்கும் நிமிர்ந்த முள்ளை அன்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எதிர்முள்ளுக்கு மேலே, நுனியில் மட்டும், நூல் அளவுக்கு வெள்ளைத் தோல் ஒட்டியிருந்தது. வளைவில் ஒன்றுமே இல்லை. அது ஆழமாக இறங்கிப் பிடித்த முள் அன்று. நுனியால் தொங்கிய முள். எஃகு தோற்றது உண்மை. அதைத் தோற்கும் நிலையில் நிறுத்தியது பிடியின் குறை.

நுனிப் பிடியை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. கம்பை நான் பிடித்த விதமும் இருக்கிறது. கெண்டைக் கம்புகளை இங்கிலாந்தில் 'டெஸ்ட் கர்வ்' என்ற அளவால் குறிப்பார்கள்: கம்பின் நுனியைச் செங்கோணத்துக்கு வளைக்க எத்தனை பவுண்டு பாரம் வேண்டும் என்பது அது. 3 பவுண்டுக் கம்பு என்றால், முழுதாக வளைந்து நிற்கும்போது முள்ளில் விழும் இழுப்பு ஏறக்குறைய 1.4 கிலோதான். இதைக் கேட்கும் யாரும் முதலில் நம்புவதில்லை. தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தபின்தான் நம்புகிறார்கள். அந்த 1.4 கிலோவுக்கு ஓரளவு நல்ல எந்த முள்ளும் நிமிராது. ஆனால் கம்பு மீனின் திசைக்கு நேராக நீண்டுவிட்டால் கம்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. நடுவில் இருப்பது ரீலின் டிராக்கும் நரம்பும் மட்டும். டிராக்கையும் கையால் அடக்கிவிட்டால் 15 பவுண்டு நரம்பு அறும்வரை, அதாவது 6.8 கிலோவரை, பாரம் முழுவதும் முள்ளின் மேல். அன்று நான் செய்தது இதைத்தான்.

இனி, கழன்ற முள். இதில் எஃகு மட்டும் பதில் சொல்லிவிடாது; மீனின் வாயைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நீர்நிலைகளில் கெண்டை என்று சொல்வதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சாதாக் கெண்டை ஆசியாவும் ஐரோப்பாவும் வளர்த்த மீன். 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. தரையை மேயும் மீன் அது. வாய் குழாய்போல் கீழ்நோக்கி நீளும். உதடு தடித்து, தோல்போல் உறுதியாக இருக்கும். ஓரத்தில் மீசை இழைகள். இரையைச் சேற்றோடு உறிஞ்சி, பிடிக்காததைத் துப்பிவிடும். அதன் கீழுதட்டின் நடுவில் முள் இறங்கினால் அதைவிட நல்ல பிடி கிடையாது. கட்லா கங்கைச் சமவெளியிலிருந்து வந்த மீன். வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை கிடையாது, நீரின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். வாயின் ஓரத்தில் இருக்கும் சவ்வு மெல்லியது. முள் அங்கே மாட்டினால் சண்டை நீள நீளத் துளை பெரிதாகி, ஒரு நொடி நரம்பு தளர்ந்ததும் முள் தானே விழுந்துவிடும். சாதாக் கெண்டையை இழுக்கும் இழுப்பில் கட்லாவை இழுத்தால் மீன் வராது, உதட்டின் ஒரு துண்டுதான் வரும்.

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் நம்மூரில் பலர் போடுவது ஸ்பிரிங் தூண்டில். கம்பிச் சுருளைச் சுற்றித் தவிடும் கடலைப்புண்ணாக்கும் பிசைந்து அப்பி, நாலைந்து முட்களை அந்த மாவுக்குள் செருகிவைப்பது. மீன் மாவைக் கரைத்து உறிஞ்சும்போது ஏதோ ஒரு முள் உள்ளே போகும். 'ஏதோ ஒரு முள்' என்பதில்தான் சங்கடம். அது உதட்டுக்குள்ளும் மாட்டலாம், கன்னத்துக்கு வெளியேயும் மாட்டலாம், சில வேளை விலாவிலும் மாட்டலாம். முள்ளில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் இழந்தது வாயில் பிடித்த மீனை அன்று. அது முதலிலிருந்தே உங்களுடைய மீனாக இருக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார்கள். ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டம்பரில் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்தபோது முள் ரொட்டிப் பிசைவுக்குள்தான் இருந்தது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது மனிதன் கையால் வெட்டி இழுத்து முள்ளை இறக்க வேண்டும். மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்த அவருடைய கம்பின் டெஸ்ட் கர்வ் இன்றைய கம்புகளில் பாதிதான், ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு. அந்த மென்மை முள்ளையும் காத்தது, வாயையும் காத்தது. ஆனால் பழகிப்போன கெண்டை, இரைக்குள் ஏதோ உறுத்துகிறது என்று துப்பிவிடத் தொடங்கியது. 1970-களின் இறுதியில் லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் இரையை முள்ளிலிருந்து பிரித்து, முள்ளின் அடியில் ஒரு மயிரிழையில் தொங்கவிட்டார்கள். ஹேர் ரிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. முதலில் மனித முடியையே கட்டினார்கள். மீன் உறிஞ்சும்போது வெற்று முள் கூடவே உள்ளே போகிறது. துப்பும்போது நுனி கீழுதட்டில் குத்துகிறது. மிரண்டு ஓடும் மீனைக் கனத்த ஈயக்குண்டு பின்னிழுக்க, முள் தானே இறங்குகிறது. கையால் வெட்டி இழுக்க வேண்டியதே இல்லை.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டால் ஹேர் ரிக்தான் சிறந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பிடி பெரும்பாலும் கீழுதட்டின் நடுவிலேயே விழுகிறது. ஆனால் அது ஒன்றைக் கேட்கிறது: நுனி பழுதில்லாமல் இருக்க வேண்டும். வாக்கரின் காலத்தில் மழுங்கிய முள்ளை மனிதனின் கைவிசை ஓரளவு ஈடுகட்டியது. இங்கே முள்ளை இறக்குவது 80 அல்லது 100 கிராம் ஈயமும் மீனின் முதல் மிரட்சியும்தான். நுனி சிறிது மழுங்கினாலும் முள் எதிர்முள்வரைகூட இறங்காது. அப்புறம் நடப்பதை ஏற்கெனவே பார்த்தோம்: மெல்லிய முள்ளானால் நெம்பி நிமிரும், தடித்த முள்ளானால் நழுவிக் கழலும். ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறிகள்.

என் இரண்டாவது முள்ளுக்கு வருகிறேன். குறையே இல்லை என்று நான் எண்ணிய அந்த முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்தேன். நல்ல முள் நகத்தில் கீறிக்கொண்டு நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் பார்த்தால் நுனி உள்பக்கமாக மடங்கி, கிளி மூக்குபோல் சுருண்டிருந்தது. அன்று தடித்த முள்ளைக் கட்டிய அவசரத்தில் இரண்டு முறை கரையோரச் சரளைக் கல்லில் விழும்படி வீசியது நினைவுக்கு வந்தது. மூன்றாவது வீச்சில்தான் மீன் எடுத்தது. புது முள்தானே என்று நுனியைத் தொட்டே பார்க்கவில்லை.

முள் கழல்வதற்கு நுனி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஹேர் ரிக்கில் இரைக்கும் முள் வளைவுக்கும் இடைவெளி மிகக் குறைந்தால் இரையே முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளும். மிக நீண்டால் இரை உள்ளே போய் முள் உதட்டின் விளிம்பிலேயே நின்றுவிடும். இரை வளைவுக்குச் சிறிது கீழே, தடையின்றி ஆடும்படி இருக்க வேண்டும். பின்னல் நரம்பு கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நைலான் நரம்பு இழுபடும். மீன் தலையை உதறும்போது அந்த இழுபாடு அதிர்வை வாங்கிக்கொள்ளும். பின்னல் நரம்பு அநேகமாக இழுபடுவதே இல்லை. விறைப்பான கம்பும் பின்னல் நரம்பும் இறுக்கிய டிராக்கும் சேர்ந்தால் ஒவ்வோர் உதறலும் மீனின் வாயில் நேரே விழும். கரையருகே வந்த மீன்கள் கழன்றுபோவது இதனால்தான் அதிகம்: தூரத்தில் இருக்கும்போது நீண்ட நரம்பு கொடுத்த மெத்தை, அத்தாங்கின் பக்கத்தில் மூன்று முழ நரம்பில் இருக்காது. மீன் கிட்டே வர வர டிராக்கைத் தளர்த்த வேண்டும். பலரும் ஆவலில் இறுக்குகிறார்கள், நானும் இறுக்கியவன்தான்.

எதிர்முள் இருக்கும் முள்ளா, இல்லாத முள்ளா என்ற பழைய வாதமும் இந்த இடத்தில்தான் வருகிறது. எதிர்முள் இல்லாதது சுலபமாக, ஆழமாக இறங்கும். அந்த வகையில் நிமிர்வதைக் குறைக்கும். ஆனால் நரம்பு ஒரு கணம் தொய்ந்தால் போதும், திரும்பி வந்துவிடும். எதிர்முள் உள்ளது தொய்வைப் பொறுக்கும். இறங்க அதிக விசை கேட்கும். பிரிட்டனில் பல குளங்களில் எதிர்முள் இல்லாததுதான் விதி. நான் சிறிய எதிர்முள் உள்ளதைப் பயன்படுத்துகிறேன். மீனை நீருக்கே திருப்பி விடுகிறவர்கள் எதிர்முள் இல்லாததைக் கட்டி, கம்பை எப்போதும் வளைந்தே வைத்திருக்கப் பழகினால் அதுவே மேல்.

நரம்பு அறுந்து போவது மூன்றாவது வகை; அதைத் தனியே எழுதலாம். ஒன்று மட்டும். சாதாக் கெண்டையின் முதுகுத் துடுப்பில் முன்பக்கத்துத் தடித்த முள்ளெலும்பு அரம்போல் பல் பல்லாக இருக்கும். நரம்பின் கடைசி ஒரு முழம் தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் கல்லை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நரம்பின் முனை பன்றி வால்போல் சுருண்டு வந்தால் அது முடிச்சு நழுவியது.

அப்படியானால் மீன் போனபின் எதை முதலில் பார்ப்பது? என் தீர்ப்பு இது: நிமிர்ந்தாலும் கழன்றாலும் முதலில் நுனி. நுனி நன்றாக இருந்தால் அடுத்து டிராக். நரம்பைத் தராசில் கட்டி, கம்பை வளைத்து இழுத்து, எத்தனை கிலோவில் ரீல் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். நரம்பின் வலிமையில் நாலில் ஒரு பங்குக்குள் அது கொடுக்கத் தொடங்கட்டும். மூன்றாவதாகக் கம்பின் கோணம். இவை மூன்றும் சரியாக இருந்தும் முள் நிமிர்ந்தால்தான் தடித்த கம்பிக்குப் போக வேண்டும். நான் நாலாவதிலிருந்து தொடங்கினேன். ஒரே காலையில் இரண்டு மீன்களை விட்டேன்.

விட்ட மீனைப் பற்றியும் ஒரு சொல். முள் கழன்றால் மீனுக்கு ஒரு சிறு புண்ணோடு போகிறது. கெண்டையின் உதடு ஆறிவிடும். நிமிர்ந்த முள்ளும் அப்படியே. ஆனால் நரம்பு அறுந்தால் முள்ளும், அதன் பின்னால் தொங்கும் நரம்பும், கழலாமல் கட்டப்பட்டிருந்தால் ஈயக்குண்டும் மீனோடு போகின்றன. மூழ்கிய கட்டைகளுக்கு நடுவே அந்தக் குண்டு சிக்கினால் மீன் அங்கேயே கட்டுண்டு கிடந்து சாகும். அதைக் காண யாரும் அந்தக் கரையில் இருக்க மாட்டார்கள். ஆகவே முள்ளை எந்த வகையில் கட்டினாலும், நரம்பு அறுந்தால் குண்டு தானே கழன்று விழும்படி ஒரு தளர்ந்த இணைப்பில் மாட்டுங்கள். கட்டிய பிறகு இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். குண்டு கையோடு வந்துவிட்டால் வீசலாம்.